பூரய்யாவைக் கொன்றது யார்

பூரய்யா செத்துப்போயிருந்தான்.

தேவேந்திரன் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு கம்ப்யூட்டர் திரையையே பார்த்தான். திரையில் ஒரு சிப்பாய் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். புது ஆள். "லாயத்துப் பூரய்யா எங்கே?" என்று கதாநாயகன் கேட்டதற்கு, வேலூர் பஸ் இப்போதுதான் போனது என்கிற மாதிரி அவன் பதில் சொன்னான். "ஏழாம் வாசலில் செத்துப்போனான், பிரபு. தளபதி மட்டும்தான் தப்பினார்."

"பொய்" என்றான் தேவேந்திரன்.

அடுப்படியிலிருந்து கௌசிகா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க?"

"பூரய்யா செத்துட்டானாம்."

"யாரு, உங்க கம்பெனியில கூழு கலக்குறாரே, அவரா?"

"கேம்ல."

"அப்ப எழுந்து வந்து துன்னுங்க. கொழம்பு ஆறிக்கினு கீது."

அவளுக்கு அது கேம். அவனுக்கு அப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த 'ஏழாம் வாசல்' என்ற விளையாட்டின் முதல் பாகத்தை அவன் நாற்பது மணி நேரம் ஆடி முடித்திருந்தான். கடைசிக் காட்சியில் கோட்டைக் கதவு மூடிக்கொண்டு வரும். வெளியே இரண்டு பேர் கையை நீட்டுவார்கள். ஒருவர் பெரிய வாளோடு தளபதி. இன்னொருவன் குதிரைக்காரன் பூரய்யா. ஒருவரைத்தான் உள்ளே இழுக்கலாம். பத்து விநாடி அவகாசம். தளபதி இல்லாமல் அடுத்த போரில் ஜெயிக்க முடியாது என்று விளையாட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்கள். தேவேந்திரன் பூரய்யாவை இழுத்தான். திரையில் எழுத்து வந்தது: உங்கள் முடிவு நினைவில் வைக்கப்படும்.

அந்த ஒரு வரியை நம்பித்தான் அவன் இன்று ஆடத் தொடங்கிய இரண்டாம் பாகத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தான். காரணம் உண்டு. முப்பத்தாறு வயதில் அவன் யாரையும் கேட்காமல் தானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். படிப்பை அப்பா முடிவு செய்தார். பெண்ணைப் பெரியப்பா முடிவு செய்தார். சித்தூரில் வீடு எந்தத் தெருவில் என்பதை மாமனார் முடிவு செய்தார். மகளுக்குப் பெயரை ஜோசியர் முடிவு செய்தார். வேலையோ மாங்கூழ் தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடம். வருகிற மாங்காயைச் சோதித்து, எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்று எழுத வேண்டும். எடுக்கலாம் என்று எழுதிய லோடும் உள்ளே போகும், வேண்டாம் என்று எழுதிய லோடும் உள்ளே போகும்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் அவனோடு வேலை பார்க்கும் ஜெபகுமாரிடம் விஷயத்தைச் சொன்னான். ஜெபகுமாரும் அதே விளையாட்டை ஆடுகிறவன்.

"நான் தளபதியைத்தான் இழுத்தேன் சார். ரெண்டாம் பாகத்துல அவரு கரெக்டா கீறாரு."

"பாத்தியா, உன் முடிவு உனக்கு வந்துகிது. எனக்குத்தான் வர்ல."

"எல்லாருக்கும் அதான் சார் வரும். எதை அமுக்கினாலும் ஒரே கதைதான். ஆளுக்கு ஒரு கதை எழுதிக்கினு இருந்தா அவன் மூணாம் பாகம் எப்ப விடுறது?"

"நினைவில் வைக்கப்படும்னு போட்டானே."

"போடுவாங்க சார். நம்ம டின்ல கூடத்தான் இன்னான்னாவோ போடுறோம்."

தேவேந்திரனுக்குக் கோபம் வந்தது. எதை அமுக்கினாலும் ஒன்றுதான் என்றால், அந்தப் பத்து விநாடி எதற்கு? அவன் கை வேர்த்தது எதற்கு? ஒத்துக்கொள்ளவே முடியாது என்று முடிவு செய்தான். யோசித்துப் பார்த்தால் அது அவனுடைய இரண்டாவது சொந்த முடிவு.

அன்று மாலையே ஹைதராபாத்தில் இருக்கும் விளையாட்டுக் கம்பெனிக்கு நான்கு பக்கம் மெயில் அனுப்பினான். மூன்றே நிமிடத்தில் பதில் வந்தது. இத்தனை சீக்கிரம் மனிதன் பதில் எழுத மாட்டான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

'அன்புள்ள வீரரே, உங்கள் முதல் பாக ஆட்டத்தின் சேவ் ஃபைலில் உள்ள முடிவுகளின்படியே கதை தொடரும். மாறுபாடு இருந்தால், உங்கள் கணினியை வேறு யாராவது பயன்படுத்தினார்களா என்று பாருங்கள். பழைய ஃபைலை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.'

தேவேந்திரன் பழைய ஃபைலை அழித்தான். மீண்டும் முயன்றான். மீண்டும் முயல்வதற்குப் பழைய ஃபைல் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"அழிக்கிறதுக்கு முன்ன ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாம் சார்" என்றான் ஜெபகுமார் போனில்.

"அவன் அழின்னான், அழிச்சேன்."

"விடுங்க. மொதல்லருந்து ஆடுங்க. மறுபடியும் பூரய்யாவைக் காப்பாத்துங்க."

"அது வேற பூரய்யா" என்று சொல்லி போனை வைத்தான். ஒருவனை இரண்டாம் தடவை காப்பாற்றுவது காப்பாற்றுவதே இல்லை, அது பழைய பரீட்சையைத் திரும்ப எழுதுவது.

ஆனால் கம்பெனியின் கடிதத்தில் ஒரு வரி அவன் மனதில் நின்றுவிட்டது. வேறு யாராவது பயன்படுத்தினார்களா? யாரோ ஒரு திருட்டுப் பயல் உள்ளே புகுந்து முடிவை மாற்றித்தான் பூரய்யா செத்தான் என்றால் தாங்கிக்கொள்ளலாம். காரணமே இல்லாமல் செத்தான் என்றால்தான் தாங்க முடியாது. ஆகவே தேவேந்திரனுக்கு உடனடியாக ஒரு திருட்டுப் பயல் தேவைப்பட்டான்.

மச்சான் இருந்தான்.

கௌசிகாவின் தம்பி பவன்குமார் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். வரதய்யபாளையத்தில் அப்பாவோடு வீடு. போன மாதம் இரண்டு சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்து தங்கினான். இரண்டு சனிக்கிழமையும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

தேவேந்திரன் போன் போட்டான். "டேய், கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணே?"

"கிரிக்கெட் ஆடினேன் மாமா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மாமா."

"என் கேமைத் தொறந்தியா இல்லியா?"

"குதிரை கேமா? அதுல எனக்கு இன்னா கீது? சத்தியமா தொடல."

இந்த இடத்தில் தேவேந்திரன் வாயை மூடியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவன் மூடவில்லை.

"காணிப்பாக்கத்துல வந்து சொல்லுவியா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. சித்தூர்ப் பக்கத்தில் என்ன தகராறு வேண்டுமானாலும் பேசலாம், கெட்ட வார்த்தைகூடப் பேசலாம், மறுநாள் மறந்துவிடுவார்கள். காணிப்பாக்கம் என்று வாயில் வந்துவிட்டால் அதை வாபஸ் வாங்க முடியாது. பிள்ளையார் முன்னால் முழுகி எழுந்து ஈரத் துணியோடு நின்று சத்தியம் செய்தாக வேண்டும். வர மாட்டேன் என்பவன் பொய்யன். வர வேண்டாம் என்று சொல்கிறவன் அவனைவிடப் பெரிய பொய்யன்.

"வர்றேன்" என்றான் பவன்குமார். குரல் மாறியிருந்தது. "ஆனா அதுக்கு அப்புறம் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கௌசிகா கரண்டியோடு வந்து நின்றாள். "வர்ற வியாழக்கெழம பாப்பாவுக்குக் காது குத்தல். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும். அவன் வர்லன்னா யாரு மடியில உக்கார வெப்பீங்க? பூரய்யா மடியிலயா?"

உயிரோடு இருந்திருந்தால் பூரய்யா தாராளமாக உட்கார வைத்துக்கொள்வான் என்று தேவேந்திரனுக்குத் தோன்றியது. அதைச் சொல்லாமல் விடும் அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

கௌசிகா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குத் தாய்மாமன் கம்மல் வாங்கித் தருவதாக ஏற்பாடு. அந்தச் சாக்கில் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடையில் எல்லோரையும் உட்கார வைத்தாள். பவன்குமார் கம்மல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பது போல ஆரம்பித்தான்.

"மாமா. நான்தான். தெரியாம கை பட்டுப்பூட்ச்சி. மன்னிச்சுக்கோங்க."

தேவேந்திரனுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. ஆக, முடிவு முடிவாகத்தான் இருந்திருக்கிறது. யாரோ கலைத்ததால்தான் கலைந்திருக்கிறது.

"பரவால்லடா" என்றான். "எங்க கை பட்டுது?"

"அதான்... கேம்ல."

"கேம்ல எங்க?"

பவன்குமார் அக்காவைப் பார்த்தான். "கதவு கிட்ட."

"கதவு கிட்ட பூரய்யா இன்னா சொன்னான்?"

"காப்பாத்துன்னு."

"அவன் காப்பாத்துன்னு சொல்லவே இல்ல. குதிரைங்களுக்குத் தண்ணி வெச்சுட்டியான்னு கேட்டான். சாவுற நேரத்துல அதைக் கேட்டான். அதைக் கேட்டவன் எவனும் மறக்க மாட்டான். நீ பார்க்கவே இல்ல. பார்க்காத தப்பை ஏண்டா ஒத்துக்கிற? யாரைக் காப்பாத்துறதுக்கு?"

பவன்குமாரின் கண் மறுபடியும் அக்கா பக்கம் போனது. தேவேந்திரனின் கண்ணும் மெதுவாக அதே பக்கம் போனது.

"ஓஹோ" என்றான்.

"இன்னா ஓஹோ?" என்றாள் கௌசிகா. "அவனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். சண்டை ஓயட்டும்னு சொல்லிக் குடுத்தேன்."

"இல்ல, நீ மறைக்கிறே."

"ஆமாங்க. நான்தான் அந்த ஆளைக் கொன்னேன். ஒரு பக்கம் கொழம்பு கொதிச்சிக்கினு இருந்துது, இன்னொரு பக்கம் போய்க் கொன்னுட்டு வந்தேன்." அவள் டீ கிளாஸை மேஜையில் வைத்தாள். "சரி. நானும் வர்றேன் காணிப்பாக்கம். நானும் முழுவுறேன். ஆனா நீங்களும் முழுவணும்."

"நான் எதுக்கு?"

"பத்து செகண்டுன்னு சொன்னீங்களே. அந்த அவசரத்துல உங்க கையே தவறித் தளபதியை அமுக்கலன்னு இன்னா சாட்சி?"

இதைத் தேவேந்திரன் யோசித்ததே இல்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் வரை பஸ்ஸில் வலது கட்டை விரலையே பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு வருடத்துக்கு முன் இந்த விரல் எங்கே இருந்தது? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பூதலப்பட்டு வரும்போது அவனுக்கு வியர்த்தது. சித்தூர் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தான். இல்லை. அவன் பூரய்யாவைத்தான் இழுத்தான். உலகமே இல்லை என்று சொன்னாலும் அவன்தான் இழுத்தான்.

கௌசிகா கடைசி முயற்சியாகத் தன் அப்பா முனுசாமிக்குப் போன் செய்தாள். "நைனா, பவனு மேல பழி வந்துகிது. ஒரு ஆளு செத்துட்டானாம். நீ வந்து ரெண்டு வார்த்தை பேசு" என்றாள். மீதியைச் சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

திருப்பதியில் பஸ் மாறி மத்தியானமே வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நிலப் பட்டா. ஜாமீனுக்கு ஆகும் என்று எடுத்து வந்திருந்தார். வாசலிலேயே மருமகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, செத்தவன் எந்த ஊரு?"

"ஏழாம் வாசல், மாமா."

"கேள்விப்பட்டதில்லையே. சத்தியவேடு பக்கமா? பொண்டாட்டி புள்ளைங்க?"

"பொண்டாட்டி இல்ல. ஒரு பொண்ணு. பதினோரு குதிரை."

முனுசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "வாயில்லாத ஜீவன். அதுங்களுக்கு இப்ப யாரு தண்ணி காட்டுறாங்க?"

"புதுசா ஒரு சிப்பாய் வந்துகிறான். அவனுக்கு ஒரு எழவும் தெரியல."

"நைனா," என்றாள் கௌசிகா, "அது கம்ப்யூட்டர்ல ஆடுற ஆட்டம்."

அதை அவருக்கு விளங்க வைக்க அரை மணி நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் சிரிப்பார், மருமகனை நாலு வார்த்தை கேட்பார் என்று கௌசிகா காத்திருந்தாள். முனுசாமி பையிலிருந்து பட்டாவை எடுத்து முட்டி மேல் வைத்துக்கொண்டார்.

"முடிவு நினைவில் வெச்சிருக்கிறோம்னு அவன் எழுதிக் குடுத்தானா மாப்ள?"

"எழுத்துல போட்டான் மாமா."

"ரெண்டாம் பாகம் வந்ததும் அப்படி ஒண்ணும் இல்லங்கிறான்?"

"ஆமா."

"இந்தப் பட்டாவுக்கு நான் பதினாலு வருசம் நடந்தேன். ஒரு ஆபீசரு சரின்னு தலையாட்டுவாரு. அவரை மாத்திப்பூடுவாங்க. அடுத்தவரு வந்து, உன் அர்ஜி இக்கட லேதுப்பா, மனு இங்க இல்ல, மொதல்லருந்து குடுன்னுவாரு. ஆறு ஆபீசரு. ஆறு தபாவும் மொதல்லருந்து எழுதினேன். ஆனா முன்னயே குடுத்தேன்னு சொன்னதை மட்டும் நான் விடல. விட்டிருந்தா நான் குடுக்காதவன் ஆகியிருப்பேன்." அவர் பட்டாவைத் திரும்ப மடித்தார். "நீ விடாத மாப்ள."

"நைனா, உன்னை சமாதானம் பண்ணக் கூப்ட்டேன்."

"அதான் பண்றேன். எல்லாரும் முழுவி சத்தியம் பண்ணிட்டா சமாதானம்தானே? காது குத்தலையும் அங்கயே வெச்சுக்கலாம். நானும் முழுவுறேன்."

"நீ எதுக்கு?"

"போன மாசம் நானும் ஒருநாள் இங்க வந்து தங்கினேன் இல்ல? நாளைக்கு ஒருத்தன் ஒரு சொல் சொல்லிடக் கூடாது."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காணிப்பாக்கத்தில் ஒரு குடும்பமே சொட்டச் சொட்ட நின்றது. தேவேந்திரன் ஈர வேட்டி. பவன்குமார் ஈர பேண்ட், வேட்டி எடுத்து வர மறந்துவிட்டான். கௌசிகா ஈரப் பட்டுப் புடவை, அதற்கான கணக்கைப் பிற்பாடு தீர்த்துக்கொள்வதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள். முனுசாமி ஈரத் துண்டு. பாப்பா மட்டும் காய்ந்த பாவாடையோடு தாய்மாமனைப் பார்த்து, ஈரமாக இருக்கும் மடியில் உட்கார மாட்டேன் என்று ஏற்கனவே அழ ஆரம்பித்திருந்தாள். காது குத்துகிறவர் ஒரு ஓரமாக ஊசியோடு காத்திருந்தார்.

பவன்குமார் நான்கு நாளாக மாமாவோடு பேசவில்லை. ஆனால் குளத்துப் படியில் தேவேந்திரனுக்குக் கால் வழுக்கியபோது கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை உடனே விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தான். தேவேந்திரனுக்கு அவமானமாக இருந்தது. நல்ல பையன். இவன் முடிவை மாற்றியிருப்பான் என்று அவனாலேயே முழுசாக நம்ப முடியவில்லை. ஆனாலும் இவன் மாற்றவில்லை, அவள் மாற்றவில்லை, தானும் மாற்றவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஜெபகுமார் சொன்னது ஒன்றுதான். அதற்குத் தலையாட்டுவதைவிட ஈரத்தில் நிற்பது மேல் என்று நின்றான்.

சத்தியம் செய்பவர்களுக்குச் சீட்டு எழுதும் ஜன்னலில் திருவேங்கடம் என்ற பெரியவர் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக மனிதர்களின் பொய்யையும் மெய்யையும் ஈரமாகவே பார்த்த முகம்.

"ஏமண்டி, தாகுடா? பூமியா?" என்று கேட்டார். குடியை விடுகிற சத்தியமா, நிலத் தகராறா என்று அர்த்தம். அந்த ஜன்னலுக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டுதான்.

"ரெண்டும் இல்லீங்க" என்றான் தேவேந்திரன்.

"தமிழா? சொல்லுங்க. நகையா? பொம்பள விசயமா?"

"ஒரு ஆளைக் காப்பாத்தின விசயம்."

திருவேங்கடம் பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் கௌசிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தேவேந்திரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சார், நீங்க சிரிச்சாலும் சரி. எனக்குப் பத்து செகண்டு குடுத்தாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் காப்பாத்தலாம்னாங்க. பெரிய மனுசனைக் காப்பாத்துன்னு ஊரே சொல்லிச்சு. நான் சின்னவனைக் காப்பாத்தினேன். அதை நினைவுல வெச்சிருக்கோம்னு எழுத்துல குடுத்தாங்க. இப்ப வந்து, அவன் அன்னைக்கே செத்துட்டான்கிறாங்க. அது வெறும் ஆட்டம்தான் சார், எனக்குத் தெரியும். ஆனா நான் பண்ணது நெஜம். பண்ணலன்னு எவனையும் சொல்ல வுட மாட்டேன். என் மச்சான் அதை மாத்தினானா இல்லியான்னு சாமி முன்னால தெரியணும். மாத்தலன்னா அவன் கால்ல விழறேன். ஆனா நான் காப்பாத்தினது காப்பாத்தினதுதான்."

முனுசாமி பின்னாலிருந்து "கரெக்டு" என்றார்.

திருவேங்கடம் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டின் பக்கங்களைத் திருப்பி, நடுவில் வேறு மையால் கோடு போட்டிருந்த ஒரு பக்கத்தில் நிறுத்தினார். பிறகு தேவேந்திரனின் தலைக்கு மேலே, கோயில் மதிலோரம் தண்ணீர் சொட்ட நின்ற ஒரு நீண்ட வரிசையைப் பேனாவால் காட்டினார்.

"குதிரைக்காரன் பூரய்யாதானே? அதுக்குத் தனி க்யூங்க, அங்க போங்க. உங்களுக்கு முன்னால பதினேழு மச்சானுங்க நின்னுக்கினு கீறாங்க."